அறுத்தெடுத்த வாயில்

கலங்கள் நலமாய்க் கரைசேரும் பவளத்துறையை ஆளும் அரசியார் நீலநங்கையாரின் திருமுன்னர், வேழமலை நாட்டு யந்திர அமைச்சன் நக்கன் பூதி தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியாரின் கொற்றம் ஓங்குக. உங்கள் துறைக்கு நல்ல காற்றும் காலமழையும் வாய்க்க.

தேவியாரின் மணத்துக்கு வர மறுத்த தந்தையாராகிய எங்கள் அரசர், பின்னர் வாதத்தில் விழுந்து ஓராண்டு எழவில்லை. நாற்பது நாள் நடந்தால் கால்கள் தேறும் என்றார் மருத்துவர். அரசரோ நான்கடியில் சலித்தார். அப்போது இவ்வோலை எழுதும் பூதி ஒரு யந்திரம் செய்தான். காலடியில் உருளைகள். கண்ணெதிரே ஒரு பெட்டி. அதனுள் பவளத்துறைப் பெருவழி முழுதும், மரங்களும் சுங்கச்சாவடிக் காவலனும் உட்பட, தீட்டிய நீள்துணி. பெட்டியில் பதித்த படிகம் சாணளவு மரத்தைப் பனையுயரமாக்கும். உருளையிலிருந்து செல்லும் கயிறு துணியை இழுக்குமாதலால், அரசர் நடந்தால் வழி ஓடும், நின்றால் நிற்கும். அதே கயிறு ஈர வெட்டிவேர் விசிறியையும் சுழற்ற, முகத்தில் காற்று வீசும். துணியின் முடிவில் உங்கள் கோட்டைவாயில். அங்கே தேவியார் சிரித்தபடி நிற்பதாகத் தீட்டி, அதை அரசரிடம் சொல்லியும் வைத்தான்.

மகளின் வாயிலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக் கேட்டு அரசர் நடந்தார். துணியோ ஐந்து நாளுக்கே போதுமாயிருந்தது. வாயிலைக் கண்டதும் நின்றுவிடுவாரென்று அஞ்சிய பூதி, அத்துண்டை மட்டும் அறுத்தெடுத்து, துணியின் முனைகளைச் சேர்த்துத் தைத்துவிட்டான். வந்த வழியே அரசர் மீண்டும் மீண்டும் வந்தார். அவர் கால்கள் உரமேறின. பூதிக்கோ சோறு இறங்கவில்லை.

நாற்பதாம் நாள் பூதி அரசரின் காலில் விழுந்து உண்மையைச் சொன்னான். அரசர் திருவாய்மலர்ந்தது: "அந்தச் சுங்கச்சாவடிக் காவலன் எட்டு முறை அதே கொட்டாவி விட்டானே, பூதி! பாவம், இனியாவது அவனைத் தூங்கவிடு." பின் துண்டைக் கேட்டு வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இவள் நீ தீட்டிய பெண். என் மகள் சிரிப்பாளோ, முகம் திருப்புவாளோ, போய்த்தான் பார்க்கவேண்டும்" என்று அன்றே நடந்து புறப்பட்டார்.

தேவியாரின் இசைவின்றித் தேவியாரின் சிரிப்பைத் தீட்டியதும், அதைக் காட்டித் தந்தையை நடக்கவைத்ததும், பிறகு அதை ஒளித்ததும் பூதியின் குற்றம். தண்டனை உங்கள் சொற்படி. அறுத்த துண்டு இவ்வோலையோடு வருகிறது.

உங்களுக்கு ஆணையிடத் தமக்கு உரிமையில்லை என்றார் அரசர். ஆதலால் வேழமுத்திரை பொறித்த இவ்வாணை பூதிக்கே: பின்னால் பல்லக்கு வரலாகாது; ஐந்தாம் நாள் வாயிலைத் திறந்துவைக்குமாறு மட்டும் தேவியாரை வேண்டிக்கொள்க; சிரிக்கும்படி எழுதாதே.