எங்கே போகிறது?

ஜூன் 4

கோபக்காரிக்கு,

நலமா என்று கேட்டால் கிழித்துப் போடுவாய் என்பதால் கேட்கவில்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய் நாற்பது நாள் ஆகிறது. பெட்டியைத் தூக்கும்போது சொன்னாயே, “எவளுக்கோ எல்லாத்தையும் குடுத்துட்டு எங்கிட்ட ஒண்ணுமில்லாம வர்றீங்க” என்று. எவளும் இல்லை, சத்தியமாக. குழந்தை ஆசை எனக்கு மட்டும் இல்லையா?

உள்ளதைச் சொல்கிறேன். நாம் சேரும்போது ஆசை வருகிறது, உச்சமும் வருகிறது, விந்து மட்டும் வருவதில்லை. ஒரு சொட்டுகூட. பத்து வருடமாகப் பம்ப் ரிப்பேர் பார்க்கிறவன் நான். மோட்டார் ஓடியும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், அது வேறு எங்கேயோ போகிறது என்று அர்த்தம். என் உடம்பில் எங்கே போகிறது? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

தனியாக உழன்றுகொண்டிருக்கும்
உன் மோட்டார்காரன்

ஜூன் 9

மோட்டார்காரருக்கு,

பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். ‘எங்கே போகிறது’ என்று கேட்டு என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள். இங்கேயும் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அதே ரத்தம், அதே சிறுநீர், அதே மைக்ராஸ்கோப்.

இரண்டு கேள்வி. அது முடிந்த பிறகு சிறுநீர் கலங்கலாகப் போகிறதா? ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

முடிந்ததும் போகிற முதல் சிறுநீரைப் பிடித்து, இந்த ஊருக்கு வரும் உங்கள் கம்பெனி வண்டியில் அனுப்புங்கள். பாட்டிலை மருந்துக் கடையில் வாங்குங்கள். ஜாம் பாட்டிலைக் கழுவி அனுப்புகிற ஆள் நீங்கள்.

கோபம் அப்படியேதான் இருக்கிறது.

நான்

ஜூன் 12, காலை

கோபக்காரிக்கு,

பாட்டில் டிரைவரிடம் இருக்கிறது, இந்தக் கடிதமும் அதோடு வருகிறது. சர்க்கரை டெஸ்ட் என்று சொல்லி வைத்தேன். “இந்த வயசுலயேவாண்ணே?” என்று பாவம், எனக்காக வருத்தப்பட்டார். இன்று காலை நானே தனியாக முடித்துப் பிடித்தது. சிரிக்காதே. கலங்கல்தான்.

மாத்திரையும் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு, ஆளில்லாத பம்ப் ரூமில் யாரோ என்னைத் திட்டுவது கேட்கும். மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார், நின்றது. மார்ச்சில் அவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். இந்தக் கூத்தும் அதற்குப் பிறகுதான். நட்டு போல்ட் டப்பாவில் ஒளித்து வைத்துச் சாப்பிட்டேன். தெரிந்தால் நீ ஓடிவிடுவாய் என்று பயம். தெரியாமலே ஓடிவிட்டாய்.

இனி அது வேண்டாம். இன்றிலிருந்து நிறுத்திவிடுகிறேன். குரல் வந்தால் வரட்டும், நீ வந்தால் போதும்.

உன் மோட்டார்காரன்

ஜூன் 12, பகல்

என் அசட்டு மோட்டார்காரருக்கு,

டிரைவரை உட்கார வைத்துவிட்டு அவசரமாக எழுதுகிறேன். முதல் வேலையாக மாத்திரையைப் போடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

போட்டாச்சா? அடியில் தங்கியதில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். அம்மாடி! தலையும் வாலுமாக விந்தணுக்கள், எண்ணி மாளாது. அசைவு இல்லை, சிறுநீரில் அவை தாங்காது. ஆனால் அத்தனையும் அங்கேதான் இருக்கின்றன. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

யாருடையது என்று சொல்லாமல் லேப் டாக்டரைக் கேட்டேன். உச்சத்தின்போது சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூட வேண்டுமாம். சில மனநல மாத்திரைகள் அபூர்வமாக அதைத் தளர்த்திவிடும். அப்போது விந்து வெளியே வராமல் பின்னால் பைக்குள் போய்விடும். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. டாக்டர் பார்த்து அளவைக் குறைக்கலாம், மாத்திரையை மாற்றலாம். நாமாக நிறுத்தினால்தான் ஆபத்து. இரண்டு பேருமாகப் போய்க் கேட்போம். குழந்தை கொஞ்சம் காத்திருக்கட்டும்.

‘எவளோ’ என்று சொன்ன வாய்க்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள். ஆனால் குரல் கேட்கிறது என்று தெரிந்தால் நான் ஓடிவிடுவேன் என்று நினைத்தீர்களே, அதை மட்டும் லேசில் விடமாட்டேன். சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன், சண்டை போட.

உங்கள் வீட்டுக்காரி