அடித்தண்டு

செவ்வாய் இரவு

ஸ்டேஷனிலிருந்து வந்து படியேறும்போதே மாடி வீட்டு பாஸ்கர் தன் மீன் தொட்டியைப் பார்க்கக் கூப்பிட்டான். போயிருக்கக் கூடாது.

பின்பக்கம் முழுக்க ரோட்டாலா நீர்ச்செடி, செக்கச்செவேலென்று புதர் மாதிரி. ரெண்டு மாசம் முன்னால் நான் கொடுத்த செடி. கொடுத்த லட்சணம் எனக்குத்தான் தெரியும். என் தொட்டியில் செடி வெட்டினபோது நல்ல நுனியையெல்லாம் நானே நட்டுக்கொண்டு, இலை கொட்டிப்போன அடித்தண்டை அவன் தலையில் கட்டினேன். அந்த மொட்டைத் தண்டு ஒவ்வொன்றும் நாலு கிளை விட்டிருக்கிறது. அதே லைட்டு, செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விட அதே கேஸ் சிலிண்டர், என் நுனிகள் மட்டும் ஒற்றைக் குச்சியாக நிற்கின்றன.

"எல்லாம் நீ குட்த்ததுதான் மச்சான்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது.

"லைட்டைக் கொஞ்சம் கம்மி பண்ணுடா" என்றேன். கம்மி பண்ணினால் சிவப்பு போய்விடும். தெரிந்தேதான் சொன்னேன்.

அவன் தலையாட்டிவிட்டுக் கத்தரியை எடுத்தான். நல்ல நுனியாகப் பார்த்து ஒரு கைப்பிடி வெட்டி, ஈரப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தான்.

இன்னும் பாத்ரூம் பக்கெட்டில்தான் மிதக்கிறது. நட மனசு வரவில்லை. நட்டால், என் தொட்டியில் உருப்படியாக இருக்கிற ஒரே செடி அவன் கொடுத்ததாகிவிடும்.