பரிசு பெற்ற பூங்காவின் பின்வாசல்

காலையிலிருந்து ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பூங்காவின் கம்பிவேலிக்கு மறுபடியும் பச்சைப் பெயிண்ட் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாடை நான்காவது மாடிவரை ஏறி வந்து காபியில்கூடக் கலந்துவிட்டது. இந்த வாடை மூக்கில் ஏறினால் உனக்கு உடனே தும்மல் வரும். பட்டான்செரு மருந்துத் தொழிற்சாலையில் அத்தனை வருஷம் ரசாயனத்தோடு குப்பை கொட்டியவனுக்கு ஒரு டப்பா பெயிண்ட் ஆகவில்லை என்று நான் கேலி செய்வேன். இன்று யாரும் தும்மாமல் பெயிண்ட் காய்ந்துகொண்டிருக்கிறது.

உனக்கு இந்தச் செய்தி தெரியாது. நகரத்திலேயே சிறந்த பூங்கா என்று நம் பூங்காவுக்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை விழாவும் முடிந்தது. இப்போது வேறு ஊர்களிலிருந்து ஒரு குழு இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வருகிறதாம். போன மாதம் அடித்த பெயிண்டின்மேல் இந்த மாதம் பெயிண்ட் ஏறுவது அதற்காகத்தான்.

நம் கொண்டாப்பூர் வட்டாரம் முழுக்க இதே பேச்சு. பத்திரிகையில் அரைப் பக்கம் போட்டார்கள். டிரோன் வைத்து எடுத்த படம் எல்லார் போனிலும் சுற்றுகிறது. மேலேயிருந்து பார்த்தால் குட்டை நீலமாகத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் சாக்கடை கலப்பதை டிரோன் எப்படிக் கண்டுபிடிக்கும், அதற்கு மூக்கா இருக்கிறது? நிழல் கொடுத்த வேப்பமரங்களை வெட்டிவிட்டு, தன் காலுக்கே நிழல் தராத, பனை ஜாதிப் பாம் மரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். நீரூற்று, பார்வையாளர் வரும் நாளில் மட்டும் ஊற்றும். சுவர் ஒன்றில் பிளாஸ்டிக் இலைகளை ஒட்டி, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஓர் இடம் செய்திருக்கிறார்கள். வாரக் கடைசியில் அங்கே வரிசை நிற்கிறது. அந்தச் சுவர் எது என்று நீ கேட்பாய். பின்வாசல் இருந்த இடத்தில் கட்டிய சுவர்தான்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் அந்தச் சுவரில் இருக்கிறது. நீ இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் உன் சிவகாமி, கட்டிய கணவனைப் பொய்யன் என்று நினைத்து எட்டு மாதம் வாழ்ந்துவிட்டாள். அதை எழுதாமல் இந்த மடலை முடிக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் பட்டான்செருவில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் திருச்சிக்காரன், நீ திருநெல்வேலி. பேசுகிற தமிழ் வேறு வேறாக இருந்தாலும், அந்த ஷெட்டில் தமிழ் பேச வேறு ஆள் இல்லாததால் ஒரே அறையில் தங்கினோம். ஷிப்டு தொடங்கும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு யார் முதலில் வந்து சேர்கிறோமோ அவன் மற்றவனுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவான். "ஏல, எனக்கும் சேத்து ஒண்ணு கிறுக்கிரு" என்பாய். நீ தமிழில்தான் கையெழுத்துப் போடுவாய். இங்கிலீஷும் தெலுங்குமாக நிறைந்த பக்கத்தில் அது ஒன்று மட்டும் தமிழாக இருக்கும். தமிழ் தெரியாத சூப்பர்வைசருக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆறு மாதத்தில் உன் கையெழுத்தை நீ போடுவதைவிட நான் நன்றாகப் போட்டேன்.

பழக்கம் லேசில் விடுகிறதா? கல்யாணம் ஆகி, கடன் வாங்கி, ஒரே குடியிருப்பில் ஆளுக்கொரு மாடியில் வீடு வாங்கிய பிறகும் அது தொடர்ந்தது. குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு ஆள் குறைந்தால் நீ எனக்கும் நான் உனக்கும் போட்டுக்கொண்டோம். ரிட்டையர் ஆனபின் காலை நடைக்காரர்கள் சங்கத்திலும் அப்படியே. அது தப்பு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

பின்வாசலுக்கு அந்தப்புறம் பஸ்தி என்கிற குடிசைப் பகுதி. நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், காவல் காக்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள் எல்லாரும் அங்கேதான். பூங்காவின் குறுக்கே நடந்தால் அவர்களுக்கு ஐந்து நிமிஷ வழி. வாசலைத் தாண்டியதும் லக்ஷ்மம்மாவின் டீக்கடை. உன் நடைப்பயிற்சி என்பதே அந்தக் கடைவரைக்கும்தான். சர்க்கரை வியாதிக்காரனான நீ அங்கே போய் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துவிட்டு, உன் நெல்லைத் தெலுங்கில் அவளோடு அரைமணி நேரம் அரசியல் பேசுவாய். அவளுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே இருப்பாள்.

எனக்கு அந்த வாசல் பிடிக்காது. மோட்டார் சைக்கிள்கள் அதன் வழியாக நடைபாதையில் வந்தன. ஒருநாள் ஒரு வண்டியின் கைப்பிடி என் முழங்கையில் இடித்தது. சின்னச் சிராய்ப்புதான். ஆனால் எனக்குப் பெரிய கோபம். அந்த வாரம் பார்த்து, பின்வாசலை மூடச் சொல்லி ஒரு மனு எழுதி, நடைக்காரர் சங்கத் தலைவர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நம் பிளாக்கில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வைக்கச் சொன்னார். நீ அப்போது தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாய். என் பெயரை இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வரியில் உன் பெயரை எழுதி உன் கையெழுத்தையும் போட்டேன். யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரிந்திருக்கும். அதனால்தான் யோசிக்கவில்லையோ என்னவோ.

ஒரு மாதம் கழித்து நீ திரும்பி வந்தபோது வாசலில் பாதிச் சுவர் எழும்பியிருந்தது. நடைபாதையில் நின்று இடுப்பில் கை வைத்துக் கத்தினாய்.

"எவன்ல இதுக்குக் கையெழுத்துப் போட்டான்?"

"தெரியலடா. சங்கத்துல ஏதோ மனு குடுத்தாங்களாம்" என்றேன்.

"அந்தப் பஸ்திப் பொம்பளைய எல்லாம் பாத்திரம் தேய்க்க இனிமே ஊரைச் சுத்தி வரணுமாக்கும்? பூங்கான்னா நாலு பக்கமும் தெறந்து கெடக்கணும்ல. இது என்ன, அவனுவ வீட்டுப் பாத்ரூமா?"

நான் தலையை ஆட்டினேன். உன் முகத்தைப் பார்த்து ஆமோதித்தேன். அந்த ஆமோதிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அதன்பிறகு நீ டீக்கு முன்வாசல் வழியாகச் சுற்றிப் போனாய். நாளாக ஆக, கால் வலிக்கிறதென்று அதையும் விட்டாய். ஆனால் தினமும் அந்தச் சுவர்வரை நடந்து, அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திரும்புவாய்.

நீ விழுந்ததும் அங்கேதான். மணி ஏழு இருக்கும். சுவரில் கை வைத்தவன் அப்படியே சரிந்தாய். உன் சட்டை முழுக்க வேர்வை. நான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். வண்டி சீக்கிரமே வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வந்தது பஸ்திப் பக்கம். டிரைவரின் போனில் இருந்த வரைபடத்தில் பின்வாசல் இன்னும் திறந்தே இருந்தது. சைரன் சுவருக்கு அந்தப்புறம், உன் தலையிலிருந்து நாலு எட்டில் அலறியது. "கேட் எக்கட சார்?" என்று, கேட் எங்கே என்று, டிரைவர் போனில் திரும்பத் திரும்பக் கேட்டான். பூங்காக் காவலாளி ஓடி வந்து, "உதர் கேட் நை ஹை சாப், தீவார் ஹை" என்றான். வாசல் இல்லை, சுவர்தான் இருக்கிறது என்பதை எனக்கா சொல்ல வேண்டும்?

லக்ஷ்மம்மாவின் குரல் கேட்டது. "சார், நிச்சென வேஸ்தாம். ஆயன்னி பைகி எத்தண்டி" என்றாள். ஏணி போடுகிறோம், அவரைத் தூக்கிக் கொடுங்கள் என்கிறாள். பஸ்தி ஆட்கள் இரண்டு பேர் அதற்குள் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நம் நடைக்காரர்கள், அசைக்கக் கூடாது, ரிஸ்க் என்று தடுத்தார்கள். நானும் அவர்களோடுதான் நின்றேன். வண்டி திரும்பி மெயின் ரோட்டின் நெரிசலில் புகுந்து முன்வாசலுக்கு வந்தது. அங்கே வண்டிகள் நுழையாமலிருக்க நட்ட இரும்புத் தூண்கள். ஸ்ட்ரெச்சரை அங்கிருந்து பூங்கா முழுக்க உருட்டி வந்தார்கள். அதுவரை உன் கை என் கையில் இருந்தது. முதலில் இறுக்கமாகப் பிடித்திருந்தாய், பிறகு நான்தான் பிடித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்றார். எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையாக இருக்கலாம். சிவகாமி அதைப் பிடித்துக்கொண்டாள். காரியம் முடிந்ததும், சுவரை யார் கட்டச் சொன்னார்கள் என்று கேட்டு எழுதி எடுத்துக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. திரும்பி வந்து நம் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஆபீசரு மனுவை எடுத்துக் காட்டுனாரு அண்ணே. எல்லாம் இங்கிலீசு, தெலுங்கு, எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? நடுவுல ஒண்ணே ஒண்ணுதான் தமிழு. அவுக கையெழுத்து. நான் என்னத்தப் பேச? எழுதிக் குடுத்ததைத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுல என்ன ஆட்டம் ஆடுனாக. சுவரு கட்டுனவன் வெளங்கமாட்டான்னாக. போட்டது அவுகளேதான். எங்கிட்ட எதுக்கு அண்ணே பொய் சொல்லணும்?"

"விடும்மா" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இந்தக் கோழையோடா முப்பது வருஷம் பழகினோம் என்று நீ நினைத்தால் அது நியாயம்தான்.

இனி அந்த விழாவின் கதைக்கு வருகிறேன். சங்கத்தின் சார்பில் சுவரோரம் உன் பெயரில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதைத் திறந்து வைக்கச் சிவகாமியை அழைத்திருந்தார்கள். மூத்த நடைக்காரன் என்று என்னையும் மேடையேற்றினார்கள். "நெகட்டிவ் ஒத்து சார், அந்தா பாசிட்டிவ்" என்று, குறை வேண்டாம், எல்லாம் நல்லதாகவே பேசுங்கள் என்று, தலைவர் காதில் சொல்லி அனுப்பினார். நான் பாம் மரங்களைப் புகழ்ந்தேன். நீரூற்றைப் புகழ்ந்தேன். நன்றாகக் கைதட்டினார்கள். அடுத்துத் தலைவர் மைக்கைப் பிடித்தார். இந்தப் பூங்கா பாதுகாப்பான பூங்காவாக மாறப் பின்வாசலை மூடியதுதான் தொடக்கம், அதற்கு முதலில் கையெழுத்திட்டவர்களில் மறைந்த நம் நண்பரும் ஒருவர் என்று உன் பெயரைச் சொன்னார். மறுபடியும் கைதட்டல். முன்வரிசையில் சிவகாமி தலையைக் குனிந்துகொண்டாள். செத்தவனைச் சுவரில் வைத்துப் பூசியதுபோல் இருந்தது எனக்கு. உன்னை அங்கே வைத்துப் பூசியவன் நான்.

அன்று மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. "அந்தக் கையெழுத்து அவன் போட்டது இல்லம்மா. நான் போட்டேன். அவனுக்குத் தெரியவே தெரியாது" என்றேன்.

அவள் நம்பவில்லை. உன் மானத்தைக் காப்பாற்ற நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள். தினசரி காலண்டரில் கிழித்து வைத்திருந்த ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நின்றபடியே குனிந்து உன் கையெழுத்தைப் போட்டேன்.

அதை ரொம்ப நேரம் பார்த்தாள். அதன்பிறகு உன் படத்தைப் பார்த்தாள்.

"எட்டு மாசமா அந்தப் படத்துக்கு நேரா நின்னு வஞ்சிருக்கேன் அண்ணே. வெளக்கு ஏத்தும்போதுகூட வஞ்சிருக்கேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க கெளம்புங்க. இனிமே இங்க வராதீக."

வந்துவிட்டேன். அவள் அழுவது கதவுக்கு வெளியே கேட்டது. உன்னைப் பற்றிய பொய் போயிற்று, அவ்வளவுதான். நீ வரப்போவதில்லை, சுவரும் அப்படியே நிற்கிறது.

மறுநாள் ஒரு மனு எழுதினேன். பின்வாசலைத் திறக்க வேண்டும் என்று இரண்டே வரி. நான்கு நாளாக அதை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குகிறேன். நல்ல காரியம்தான் சார், ஆனால் பரிசு வாங்கிய பூங்காவில் சுவரை இடிக்கச் சொன்னால் நன்றாகவா இருக்கும் என்கிறார்கள். நன்றாகத்தான் பேசுகிறார்கள், காபிகூடக் கொடுக்கிறார்கள். கையெழுத்து மட்டும் போடுவதில்லை. பஸ்தி ஆட்கள் போடத் தயார். பூங்கா அலுவலகத்தில், குடியிருப்பவர்கள் போட்டதைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

தாள் இப்போது மேஜைமேல் இருக்கிறது. முதல் வரியில் என் பெயர், என் கையெழுத்து. அதற்குக் கீழே முழுக்க வெறுமை. இந்த ஒரு மனுவில்தான் நீ மனசாரக் கையெழுத்துப் போட்டிருப்பாய். பேனாவை எடுத்தால் என் கை தானாக இரண்டாவது வரிக்குப் போகிறது. முப்பது வருஷப் பழக்கம், அது என்னோடுதான் போகும். பேனாவை மூடி வைக்கிறேன். அந்த வரி காலியாகவே இருக்கட்டும்.