அப்பாவின் படங்களுக்கு நான் வைத்த பெயர்கள்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே அப்பா நலம், எனக்குத்தான் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பாவின் கண்காட்சி நேற்று திறந்தாகிவிட்டது! ஒரு கேன்வாஸ், ஒரே வண்ணம், அதில் ஒரு கோடு, மிஞ்சிப்போனால் ஒரு புள்ளி என்று காலமெல்லாம் வரைந்த மனிதருக்குத் தலை நரைத்தபின் முதல் கண்காட்சி. உன் சித்தப்பா வழக்கம்போல, சுண்ணாம்பு அடிச்சாச்சு, படம் எப்போ வரைவாராம் அண்ணி என்று கிண்டலடித்துக்கொண்டேதான் வந்தார்.

நான் செய்த கூத்தைக் கேள். போன வாரம் அரங்கத்தில் வேலை பார்க்கும் பெண் போன் செய்து, படங்களோட பேரைச் சொல்லுங்கம்மா, அட்டை அச்சடிக்கணும் என்றாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். பேர் வெச்சா ஜனங்க பேரைத்தான் பார்ப்பாங்க என்று அவர் எதற்கும் பெயர் வைக்கமாட்டார், உனக்குத் தெரியாததா, ஆனால் அவள் அவசரப்படுத்தினதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. எதை எந்த நாளில் வரைந்தார் என்று எனக்குத் தெரியுமே, அதையே சொல்லிவிட்டேன். கறுப்புப் படம் ‘பால் தீய்ந்த காலை’. சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடு ‘பல் பிடுங்கிய மறுநாள்’. நீ கிளம்பிய வாரம் வரைந்தாரே, முழுக்க நீலம், ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி, அது ‘மகள் ஏறிய விமானம்’. அட்டையைப் பார்த்ததும் படங்களையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்துவிடுவாரோ என்று பயந்து நேற்று வரை அவரிடம் மூச்சுவிடவில்லை.

நேற்று என்னவென்றால் ஜனங்கள் பெயரைப் படித்துச் சிரிக்கிறார்கள், பிறகு கிட்டே போய் நின்று பார்க்கிறார்கள், நகரவே மாட்டேன் என்கிறார்கள். சித்தப்பா பல் படத்தின் முன்னால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலிக்கத்தான் செய்யுது அண்ணி என்கிறார்! அப்பா நீலப் படத்தின் அட்டையைப் படித்துவிட்டு அப்படியே நின்றார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தேடி வந்து, நான் யார்கிட்டயும் சொல்லலையே, உனக்கு எப்படித் தெரியும் என்றார். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டுத் தட்டைத் தொடாதது யாரு, எனக்கா தெரியாது என்றேன். அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தப் படத்தை ஒருவர் விலைக்குக் கேட்டதற்கு, என் பொண்ணு இன்னும் பார்க்கலையே என்று சொல்லிவிட்டார்.

மாதக் கடைசி வரை படங்கள் சுவரில் இருக்கும். லீவு கிடைக்கவில்லை என்று கதை விடாமல் டிக்கெட் போடு, விமானத்தில் குளிரும், ஸ்வெட்டரை மறக்காதே. எந்தக் குறையுமில்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும் கண்ணே. இதை எழுதும்போதே அப்பா அந்தப் பக்கம் புது கேன்வாஸுக்கு நீலம் பூசிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை புள்ளி கொஞ்சம் பெரிதாக, கிட்டே வருகிற மாதிரி இருக்குமாம்.

ஆயிரம் முத்தங்களுடன்,
பெயர் வைத்த அம்மா