சின்னவள் பேசும் பிரெஞ்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நல்ல சுகம், நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் மீதி சுகமும் வந்துவிடும். உன் இருமல் நின்றதா, முதியோர் இல்லத்தில் உன் வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்தார்களா. அப்பாவின் பணிமனைக்குப் புது மேஸ்திரி வந்திருக்கிறார், சத்தம் அதிகமாம், வேலை குறைவாம். என் இடுப்பு வலி முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் குனிந்தால் நிமிர்த்திவிட ஆள் வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் இன்னோர் அறை எழுப்புகிறார், நம் சமையலறைக்கு வெளிச்சமே போய்விட்டது. சின்னவள் ஆறாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான், பல் தேய்க்கும்போதுகூட வாயில் நுரையோடு ஒன்று இரண்டு எண்ணுகிறாள். நீ இருக்கும் ஊர்ப் பேச்சை இவள் வாயில் கேட்டால் நீ பாதி தூரம் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது.

இதுவரை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன் அக்கா. அம்மா குளிக்கப் போயிருக்கிறார்கள், வருவதற்குள் என் பங்கையும் எழுதிவிடுகிறேன். நேரில் என்றால் எனக்கு வாய் வராது, உனக்குத்தான் தெரியுமே. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் செய்தால் அப்பா, அம்மா, நான், கடைசியில் சின்னவள் என்று கைமாறும். இப்போது முதல் ஆள் அவள். யாருக்கும் புரியாமல் நீங்கள் இருவரும் பேசிச் சிரிக்கிறீர்கள், அம்மாவும் புரிந்த மாதிரி கூடவே சிரிக்கிறார்கள். என் கைக்கு வரும்போது ஃபோன் சுடும், நீயும் "வேலைக்கு நேரமாச்சுடி, அடுத்த வாரம் பேசலாம்" என்பாய். எனக்குப் பொறாமைதான். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவள் உரக்கப் படிக்கும்போது மிக்ஸியைப் போட்டுவிடலாமா என்று கை துடிக்கும்.

போன வாரம் அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவால் பெஞ்சில் உட்கார முடியாது என்று சட்டைக் கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டு நான் போனேன். ஒவ்வொரு பிள்ளையும் குடும்பப் படம் ஒட்டிய அட்டையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் சொல்ல வேண்டும். நம்மவள் கொஞ்சமும் நடுங்கவில்லை, ஒவ்வொருவராக விரலால் காட்டிக் கடகடவென்று சொல்லி முடித்தாள். அப்புறம் டீச்சர் என்னிடம் வந்து, "நீயும் படிக்கிறேன்னு சொன்னாளே, எந்த ஸ்கூல்மா?" என்று கேட்டார்கள். தலையை மட்டும் ஆட்டினேன். எந்த ஸ்கூல் என்று கேட்டதற்குத் தலையாட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வரும் வழியில் ஏன்டி பொய் சொன்னாய் என்று கேட்டேன். "டீச்சர் கொஞ்ச வேலைக்குத்தான் வார்த்தை சொல்லிக் குடுத்திருக்காங்க. டாக்டர், டிரைவர், சமையல்காரர், அப்படி. பட்டன் தைக்கிறவங்க அதுல இல்ல. டாக்டர்னு சொன்னா உன் மூஞ்சியப் பாத்து நம்புவாங்களா? அதான் மாணவின்னு வெச்சேன்" என்றாள். அம்மாவின் இடுப்புக்காக எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அவளுடைய பிரெஞ்சில் மட்டும் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தப் பொய்யைத் திருத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை அக்கா.

நீ கிளம்பும்போது, உன்னைத்தான் முதலில் கூப்பிட்டுக்கொள்வேன், விட்ட படிப்பை இங்கே தொடரலாம் என்று என்னிடம் சொன்னாய். போன ஞாயிற்றுக்கிழமை அதையே சின்னவளிடம் சொன்னாய். அதை மட்டும் தமிழில் சொன்னதால் எனக்கும் கேட்டது. அவளுக்குப் பிரெஞ்சு தெரியும், எனக்குத் தெரியாது, அதனால்தானா? பள்ளிக்கூடம் திறந்த அன்று அவளுக்கும் தெரியாதே.

அம்மா வந்துவிட்டார்கள், இன்னுமா முடிக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வது: கம்பளிக் காலுறை போடாமல் வெளியே இறங்காதே. நீ கை வைத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும், நோய்நொடி உன் வாசலை எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும். மறக்காமல் சின்னவளுக்கு அங்கே ஒரு நல்ல பள்ளிக்கூடம் பார்த்து வை.

அம்மா சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதிவிட்டேன். அவர்கள் சொல்லாதது இது: அந்தப் பள்ளிக்கூடத்தில் என் வயதுக்காரர்களையும் சேர்ப்பார்களா என்று கேட்டுப் பார்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் அம்மா
எழுதியது உன் பெரிய தங்கச்சி