பனியில் அப்பாவின் கிரேன்

1997 டிசம்பர் 28, ஞாயிறு

காலையிலிருந்து மூடுபனி. கொடியில் போட்ட துணி காயவில்லை. வருஷத்தின் நல்லது கெட்டதை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நல்லது: பி.ஏ. பாஸ், வீட்டில் முதல் ஆள். அப்பா துறைமுக டாக் முழுக்க சந்தேஷ் மிட்டாய் கொடுத்தார். அப்புறம் டைப்பிஸ்ட் வேலை. மேனேஜரிடம் இன்னும் ஒரு வாக்கியம் முழுசாகப் பேசியதில்லை.

கெட்டது: டைபாய்டு. பாதி முடி போயிற்று. ஜாதவ்பூரில் எம்.ஏ. இடம் கிடைக்கவில்லை.

விஸ்வகர்மா பூஜையை எந்தப் பக்கம் எழுதுவது?

அன்று ஒரு நாள்தான் வீட்டு ஆட்களையும் டாக்குக்குள் விடுவார்கள். கிரேன்கள் ஓடாது. அப்பாவின் கிரேனுக்குச் சாமந்தி மாலை. மாலை கட்ட மேலே ஏறிய அப்பா கேபினில் நின்றார். நான் கீழேயிருந்து கையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. என் பக்கத்தில் ரஃபீக் சாச்சா, கீழே நின்று அப்பாவுக்கு சிக்னல் காட்டுபவர். விசில் அடித்தார். உடனே அப்பா சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார், வேறு பக்கம் பார்த்து.

"யார்கிட்டயும் சொல்லாதே மகளே," என்றார் சாச்சா, இந்தியில். "நான் அவருக்குக் கை காட்டி ரொம்ப நாளாச்சு, இப்ப விசில்தான். ஒரு விசில்னா தூக்கணும், ரெண்டுன்னா இறக்கணும். நான் இருக்கேன்ல?"

எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

டிச. 29

பஸ் லேட். டைப்ரைட்டர் ரிப்பன் கிழிந்தது.

சாயங்காலம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா குரல்.

"ரஃபீக் பாய் இந்த மாசத்தோட ரிடையராமே. அப்புறம் யாரு?"

"தபன்னு ஒருத்தன். ரூல்படி கைதான் காட்டுவானாம்."

"அப்ப ஆபீஸ்ல சொல்லிடுங்க."

"என்னன்னு? கண்ணு தெரியலேன்னா? கோடவுன் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்கார வெச்சுடுவான். இத்தனை வருஷம் மேல இருந்தவன், லாரிக்காரனுக்கெல்லாம் சலாம் போடணுமா?"

"ஆபரேஷன் பண்ணினா..."

"எங்கப்பனுக்குப் பண்ணாங்களே, இருந்ததும் போச்சு. பேசாம இரு."

அம்மா அடுப்புக்குத் திரும்பினாள். நான் கல் பொறுக்கி முடித்தேன்.

டிச. 31

பனி இன்னும் அதிகம். ஆபீஸில் கேக். எனக்குக் கிடைத்தது ஓரத்துண்டு.

ஏழு மணிக்கு அந்தத் தபன் அண்ணன், தபன்-தா, வீட்டுக்கே வந்துவிட்டார், மனைவியோடு. கையில் புது வெல்ல சந்தேஷ். அப்பாவின் காலைத் தொட்டு வணங்கினார். ஆசீர்வதிக்க அப்பா நீட்டிய கை காற்றில் நின்றது. தபன்-தாவே தலையை அதற்குக் கீழே நகர்த்திக்கொண்டார். விளையாட்டு என்று நினைத்திருப்பார்.

"காக்கு," என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டார். "நீங்க இறக்கினா கொக்கி பூ மாதிரி இறங்கும்னு சொல்றாங்க. நாளைலேர்ந்து நான் அடியிலயே நிப்பேன்."

"வீட்ல யார் சொன்னாலும் கேக்கறதில்ல," என்றாள் அவர் மனைவி. "நீங்க மேலேர்ந்து மிரட்டுங்க காக்கு."

அப்பா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

அவர்கள் கிளம்பியதும் படி வரை ஓடினேன். தபன்-தா திரும்பினார். "என்ன தங்கச்சி?"

வாய் வரவில்லை. "நாளைக்கும் பனியா இருக்கும்."

"பனி என்ன பண்ணும்? மேலே உங்கப்பா இருக்காரே!"

1998 ஜனவரி 1

பனியில் எதிர் குவார்ட்டர்ஸ் வீடுகளே தெரியவில்லை. அப்பா டிபன் டப்பாவோடு வாசலில்.

"இன்னிக்குப் போகாதீங்கப்பா."

"வருஷப் பொறப்பும் அதுவுமா போகாதேங்கறா பாரு," என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் இல்லை. ஒவ்வொரு படியையும் காலால் தேடி இறங்கினார்.

ஷிஃப்ட் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. டாக் கேட்டில் ஃபோர்மேனைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் அப்பாவுக்கு இனி கிரேன் கிடையாது. என் முகத்தைப் பார்ப்பாரோ என்னவோ.

அம்மா: "எங்கடி செருப்ப மாட்டற?"

பால் வாங்க என்றேன்.

எழுதிப் பார்த்துக்கொண்டு போனால்தான் அங்கே வாய் வரும். நான் கிரேன் டிரைவர் முருகேசன் மகள். அவருக்குக் கண் தெரியாது. தபன்-தாவைக் கொக்கிக்குக் கீழே நிற்க விடாதீர்கள்.