ஒரு மணித்தியாலப் பயணம்

அன்புள்ள றெஜினா அக்கா,

சுகம் விசாரிக்க முன் ஒன்றைத் திருத்த வேண்டும். சின்ன விமானத்தில் ஏறப் பயந்து, சாகக் கிடந்த மகனிடம் போகாமல் நான் ஹோட்டலில் தங்கியதாக மச்சாள் கிளடிஸ் உங்களுக்கு எழுதியிருக்கிறார். அது பொய். உங்கள் முழங்கால் நோவு இப்போது எப்படி? நான் நடமாடுகிறேன்.

டெஸ்மன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பாங்னிர்ட்டங் என்ற ஊர், கனடாவின் வட துருவப் பக்கம் இருக்கிறது. அவன் நெஞ்சு வருத்தத்தில் விழுந்ததும் ரொறன்ரோவிலிருந்து இக்காலுவிட் விமான நிலையம் வரை போய்விட்டேன். அங்கிருந்து முந்நூறு கிலோமீற்றர். விமானத்தில் ஒரு மணித்தியாலம். பனிப்புயலில் மூன்று நாட்கள் ஒன்றும் பறக்கவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவர இருந்த விமானமும் என் கண்முன்னே நின்றது.

சண்டைக்குள் கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்தவள் நான். றோட்டால் போக ஒரு வான் பிடித்துத் தரும்படி விமான நிலையத்து ஆட்களிடம் கேட்டேன். சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார்கள். அதில் றோட்டே இல்லை.

தொலைபேசியில் அவனிடம் சொன்னேன்.

"வானோ? அம்மா, உங்களுக்கு விசரே!" என்று சிரித்தான்.

"சிரியாதை. சாப்பிட்டனியே?"

"ஓம், கஞ்சி. ஒரு மணித்தியாலம்தானேயம்மா, நாளைக்கு வந்திடுவியள்."

மறுநாள் காலை இறந்துவிட்டான்.

சின்ன வயதில் அவன் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்த படம் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். என்னிடம் இருந்தது இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. தபால் எடுக்கும் நேரமாகிறது.

கிளடிஸ் சொன்னதை நீங்களும் நம்பினீர்களா? தொலைபேசியில் சொல்ல வேண்டாம். உங்கள் கையால் எழுதிப் பதில் அனுப்புங்கள்.

தங்கை,
பிலோமினா